பட்டியும் பற்றையும் – 9: கியூபாவுக்குப் போன விடத்தல்

காலபோகம் விதைத்ததும் பட்டி மாடுகளுக்குக் கால்வைக்க இடமில்லாமல் போவதையும், ஆளில்லாமல் கிடந்த மேட்டுக்காணிகள் பற்றைக்காடானதையும் முன்பே எழுதியாயிற்று. இந்த வாரம் பற்றை அழிக்கும் இயந்திரம் என்று சொல்லியிருந்தேன்.

கிளிநொச்சியில் காணி துப்புரவாக்குவதென்றால் ஒன்றில் கத்தியும் கோடரியும், இல்லாவிட்டால் பெக்கோ அல்லது டோசர். டோசர் வேலை கெதியாக முடியும்; காணியும் வெளிச்சமாகிவிடும். ஆனால் அது பற்றையை மட்டும் தள்ளுவதில்லை, மேல்மண்ணையும் வழித்துக்கொண்டுபோய் எல்லையோரம் குவித்துவிடுகிறது. அந்தக் குவியலுக்கு நெருப்பு வைத்துவிட்டு, புல் வரவில்லையே என்று பிறகு கவலைப்படுகிறோம். அக்கராயன் பக்கம் அப்படித் துப்புரவாக்கிய ஒரு காணியைப் பார்த்தேன். ஓரத்து மண்மேட்டில் புல் இடுப்பளவு நிற்கிறது. நடுக்காணியில் சரளைதான் தெரிகிறது.

மல்ச்சர் என்பது வேறு விதமான இயந்திரம். உழவு இயந்திரத்திலோ பெக்கோவின் கையிலோ பூட்டுகிற ஓர் உருளை. உருளையைச் சுற்றி டங்ஸ்டன் கார்பைட் முனை வைத்த பற்கள். நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுழன்று, நிற்கிற பற்றையைக் கடித்துச் சிராய்களாக்கி அந்த இடத்திலேயே பரப்பிவிட்டு நகரும். மண் புரளாது. எரிக்கவும் தள்ளவும் ஒன்றும் மிஞ்சாது. சிராய் மூடிய தரையை முதல் மழை அரிக்காது. வெயில் காலத்தில் ஈரமும் நிற்கும். சிராயை மேலேயே விட்டுவிட வேண்டும். உழுது புதைத்தால், மரத்தை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும். முளைக்கிற புல் மஞ்சளடித்துப்போகும்.

இந்த உருளைக்கு உறவான ஒன்று வன்னியில் பலருக்குத் தெரியும். சங்கிலிகளால் நிலத்தை அடித்துக்கொண்டே நகரும் கண்ணிவெடி அகற்றும் இயந்திரம்தான் அது. தென்னாபிரிக்கரான ஏப்ரகாம் டு டொய்ட் சொன்ன யோசனையில் பிறந்தது. 1942 ஒக்டோபரில் எல் அலமெயின் போர்க்களத்தில் டாங்கிகளில் பூட்டி ஓட்டினார்கள். இத்தாலியின் எஃப்.ஏ.ஈ. நிறுவனம் இன்று பற்றைக்கு மல்ச்சரும் செய்கிறது, கண்ணிவெடிக்கென்று தனி இயந்திரமும் செய்கிறது. ஆனால் பற்றைக்கான இயந்திரத்தில் வெடியைத் தாங்கும் கவசம் கிடையாது. முகமாலைப் பக்கம் போல வெடி புதைந்த நிலங்களில், பாதுகாப்பானதென்று முறைப்படி கையளிக்க முன்னர் எந்த இயந்திரத்தையும் இறக்கக் கூடாது. கத்தியோடும் போகக் கூடாது. காணி தன்னுடையதுதானே என்ற துணிச்சலில் ஒருவரும் கால்வைக்க வேண்டாம்.

இயந்திரத்தின் விலை, வாடகைக்கு எடுத்தால் கட்டுமா என்பதெல்லாம் இன்று எழுத நினைத்தவை. அதற்குள் விடத்தல் குறுக்கே வந்துவிட்டது.

விடத்தலை உங்களுக்குத் தெரியும். மேல்பாதி இளஞ்சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமாகத் தொங்கும் பூ. முறுகிச் சுருண்டு கொத்தாய்க் கிடக்கும் காய். கிளை நுனியே முள்ளாகிற மரம்; உழவு இயந்திரத்தின் ரயரையும் குத்தும். வட்டக்கச்சியில் மாடு வளர்க்கிற ஐயா ஒருவர் தன் காணியில் அதைக் காட்டி, “தம்பி, இதை வெட்டுறது வேலையில்லை. ஒண்டு வெட்ட ஒன்பது வரும்” என்றார். ஒரு குத்தியைச் சுற்றி மண்ணைக் கிளறியும் காட்டினார். விரல் தடிப்பில் ஒரு வேர், தரைக்குச் சற்றுக் கீழே கிடையாக ஓடியது. அதன் வழியெல்லாம் புதுக்குருத்துகள்.

அந்த வேரைப் பற்றி வாசிக்கப்போய்த்தான் கியூபாவில் முட்டினேன். எங்கள் வேலியோர விடத்தல்தான் அந்த நாட்டின் மிகப் பெரிய களை! மராபூ என்கிறார்கள். ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் இந்த மரம், 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்து எரிபொருள் வரவு வெகுவாகக் குறைந்ததும் அங்கே மேய்ச்சல் நிலங்கள் கைவிடப்பட்டன. 2002இல் சீனி ஆலைகளில் ஏறத்தாழப் பாதியை மூடினார்கள். கரும்புத் தோட்டங்களும் தரிசாயின. அந்த நிலமெல்லாம் மராபூவுக்குப் போயிற்று. பத்து இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். 2007 ஜூலை 26ஆம் திகதி கமகுவே நகரில் பேசிய அப்போதைய பதில் ஜனாதிபதி ராவுல் காஸ்ட்ரோ, வழிநெடுக மராபூ செழித்து நின்றதைக் கண்டு வந்ததை மேடையிலேயே சொன்னார். அடுத்த வருடம் 259ஆம் இலக்க ஆணைச்சட்டம் வந்தது. தரிசு நிலத்தை விவசாயிகளுக்குப் பயன்படுத்தக் கொடுத்தார்கள். பெற்றவர்களில் பலருக்கு முதல் வேலையே இந்தப் பற்றையை வெட்டுவதுதான். வெட்டிய மரத்தைச் சுட்டுக் கரியாக்கினார்கள். 2017 ஜனவரியில் 40 தொன் மராபூக் கரி, தொன் 420 டொலருக்கு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அரை நூற்றாண்டுக்குப் பின் கியூபாவிலிருந்து அந்த நாட்டுக்குச் சட்டப்படி போன முதல் ஏற்றுமதி அது. விடத்தல் கரி!

கியூபாவில் ஆலை மூடியதால் நிலம் தரிசானது. இங்கே 2008இலும் 2009இலும் சனம் இடம்பெயர்ந்ததால் ஆனது. காரணம் எதுவானாலும், திறந்து கிடக்கும் நிலம் விடத்தலுக்குப் போதும். பெருமரத்தின் நிழலில் அது எழும்பாது; அடர்ந்து நிற்கும் புல்லுக்குள் அதன் நாற்று திணறும். நமீபியாவிலும் இதே மரம் மேய்ச்சல் நிலங்களை மூடியிருக்கிறது. அளவுக்கு மிஞ்சி மேய்ந்து புல் அழிந்ததை அங்கே முக்கிய காரணமாகச் சொல்கிறார்கள். போதாததற்கு மாடு காயை விரும்பித் தின்னும். விதை சாணியோடு புது இடத்தில் விழும். காய் முற்றும் காலத்தில் விடத்தலுக்குள் மேய்ந்த மாட்டை, துப்புரவாக்கிய தரைக்கு நேரே ஓட்டாமல் சில நாள் பட்டியில் அடைத்து வையுங்கள்.

ஆகவே மல்ச்சர் வந்தாலும் வேர் மண்ணுக்குள்தான் இருக்கும். முதல் மழைக்கே குருத்து எழும்பும். அப்போது ஆடுகளை இறக்க வேண்டும். விடத்தல் குருத்தை ஆடு விட்டுவைக்காது. ஆடு கடித்த இடத்தைப் புல் பிடிக்க வேண்டும். பற்றை துப்புரவாக்கவென்று ஒதுக்குகிற காசு இயந்திரத்தோடு முடிந்துவிடுவதுதான் என் பெரிய கவலை. விதைக்கும், வேலிக்கும், அடுத்த வருடத்து இரண்டாம் வெட்டுக்கும் சேர்த்து ஒதுக்காவிட்டால் அந்தக் காசு வீண்.

இடம்பெயர்ந்த காலத்தில் வளர்ந்த பற்றையைக் காடென்று கணக்கெடுத்து எல்லைக்கல் போட்ட காணிகளைப் பற்றியும் வாசகர்கள் கேட்டிருக்கிறீர்கள். அதற்குத் தனி வாரம் வேண்டும். இயந்திரத்தின் கூலிக் கணக்கும் கினிப்புல்லும் அடுத்த வாரம். விதை தேடுகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் விதை கையில் இருக்க வேண்டும்.

(தொடரும்)