மழை வருமா? எவ்வளவு உறுதி?

தம்பி தங்கைகளே, சிரம்பான், ரந்தாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். விடியும் முன், வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்துக்கு வந்ததும் அவர்கள் முதலில் பார்த்தது வானத்தைத்தான்.

காரணம் மரத்துக்குள் இருக்கிறது. இரவில் இலைகள் அதிகம் நீர் இழப்பதில்லை. அதனால் விடியற்காலையில் பட்டைக்குள் உள்ள பால்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும். அப்போது சீவினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். பட்டை நனைந்திருந்தாலோ, பால் வெட்டுக்கோட்டை விட்டு விலகி மரமெங்கும் வழியும். மங்கில் சேர்ந்த பாலிலும் மழைநீர் கலந்து கெடுக்கும்.

ஆகவே "மழை வரும்" என்பதும் "மழை வரலாம்" என்பதும் அவர்களுக்கு ஒன்றல்ல. முன்னதைக் கேட்டால் வேலை நிற்கும். பின்னதைக் கேட்டால் கை வேகமாக ஓடும்.

தமிழில் இந்த உறுதியின் அளவை வினைச்சொல்லின் கடைசிப் பகுதியே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் தனியாக ஒரு துணைவினை வரும். 'மைட்', 'மே' இரண்டும் ஐயத்தைக் காட்டும். 'வில்' உறுதியைக் காட்டும். 'மஸ்ட்' கொஞ்சம் துப்பறியும் சொல். காலையில் பட்டை ஈரமாக இருக்கிறது, கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது, மழைச் சத்தத்தை யாரும் கேட்கவில்லை. அப்போது 'இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட்' என்கிறோம். தடயத்தைப் பார்த்து முடிவு கட்டுகிறோம்!

உறுதியை இன்னும் நுணுக்கமாகச் சொல்ல 'ப்ராபப்ளி', 'டெஃபினட்லி' போன்ற வினையடைகள் உதவும். இவற்றின் இடம் துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவே: 'இட் வில் ப்ராபப்ளி ரெய்ன்'. 'வோன்ட்' என்று மறுக்கும்போது மட்டும் வினையடை முன்னால் போய்விடும்: 'இட் ப்ராபப்ளி வோன்ட் ரெய்ன்'. 'மேபி' பெரும்பாலும் வாக்கியத்தின் தலையில் உட்காரும். துணைவினை, வினையடை இரண்டின் வலுவும் பொருந்த வேண்டும். வரலாம் என்ற பொருளில் 'மே' போட்டுவிட்டு 'டெஃபினட்லி' சேர்த்தால், வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் ஒரு முனையில் நிறைந்த வாளியும் மறுமுனையில் காலி வாளியும் தொங்கவிட்டதுபோல வாக்கியம் சாய்ந்துவிடும்.

இது ஆங்கிலப் பாடத்தோடு முடிகிற விஷயமில்லை. ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. இத்தகைய சொற்களுக்கு எண்களையே வைத்திருக்கிறது. 'லைக்லி' என்றால் குறைந்தது 66 விழுக்காடு வாய்ப்பு; 'வெரி லைக்லி' என்றால் 90; 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி' என்றால் 95. அண்மைக் காலத்தில் பூமி சூடானதற்குப் பெரும்பாலும் மனிதர்களே காரணம் என்பதை 2001 அறிக்கை 'லைக்லி' என்றது. 2007இல் அது 'வெரி லைக்லி' ஆனது, 2013இல் 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி' ஆனது. 2021இல் மனிதர்களால் பூமி சூடானதில் ஐயத்துக்கே இடமில்லை என்று எழுதிவிட்டார்கள். சான்று சேரச் சேரச் சொல்லையும் ஏற்றினார்கள். அதற்கு முன் அவசரப்படவில்லை. இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நீங்களும் செய்து பாருங்கள். நெகிரி செம்பிலானில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை அதிகம். அந்த மாதங்களில் தினமும் பள்ளி விட்டதும் வானத்தைப் பார்த்து, அன்று மாலை மழை வருமா என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். மறுநாள் அதன் பக்கத்தில் சரியா தவறா என்று குறியுங்கள். 'வில் ப்ராபப்ளி' என்று எழுதிய பத்து நாளில் ஏழெட்டு நாள் மழை பெய்திருந்தால் உங்கள் கணிப்பு நன்று. மூன்று நாள்தான் பெய்தது என்றால், அடுத்த முறை 'மைட்' போடுங்கள். மாத முடிவில் அந்த நோட்டை உங்கள் அறிவியல் ஆசிரியரிடமும் ஆங்கில ஆசிரியரிடமும் காட்டுங்கள்.