சுவருக்கு அப்பால் பார்ப்பவர்கள்

1999இல் வந்தபோது கவுன்ட்டர் ஸ்ட்ரைக் தனி ஆட்டமே அல்ல. ஹாஃப்-லைஃப் என்ற ஆட்டத்தை எடுத்து ரசிகர்கள் மாற்றிச் செய்த ஒரு வடிவம். ஆடுவதற்கான சர்வர்களையும் பெரும்பாலும் ஆட்டக்காரர்களே நடத்தினார்கள். யாரோ ஒருவர் கைக்காசு போட்டு வாடகைக்கு எடுத்திருப்பார். அந்த சர்வருக்கு ஒரு பெயர், சில விதிகள், நாலைந்து அட்மின்கள். ராத்திரி உள்ளே நுழைந்தால் பாதிப் பேர் நேற்றும் அங்கே இருந்தவர்களாக இருப்பார்கள்.

அங்கே புதிதாக வந்த ஒருவர் சந்தேகப்படும்படி சுட்டால், அட்மின் தன் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பார்வையாளராக மாறுவார். சந்தேகத்துக்கு உரியவரின் கண் வழியாகவே ஆட்டத்தைப் பார்க்கலாம். எதிரி சுவருக்குப் பின்னால் நடக்கிறார். அவர் நடக்கும் வேகத்திலேயே துப்பாக்கியின் குறி சுவர்மேல் ஊர்ந்து போகிறதா? மூலையில் எதிரி தலை நீட்டும் முன்பே குறி அங்கே போய்க் காத்திருக்கிறதா? இரண்டு மூன்று ரவுண்டு இப்படிக் கவனித்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். பிறகு ஒரு வரிக் கட்டளை, ஆள் வெளியே. இதில் அநியாயமும் நடந்தது. நன்றாக ஆடிய ஒரே குற்றத்துக்காக விரட்டப்பட்டவர்கள் உண்டு. அட்மினுக்கு வேண்டியவர் என்பதால் தப்பித்தவர்களும் உண்டு. ஆனால் தீர்ப்புச் சொன்னவர் யார் என்று தெரியும். அவரிடம் போய் வாதாடலாம். ஆட்டத்தின் டெமோ பதிவைக் கொடுத்து, திரும்பப் பாருங்கள் என்று கேட்கலாம்.

நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் இவ்வளவும் தேவைப்படவில்லை. ஒரே அறையில் வரிசையாகக் கணினிகள், லேன் இணைப்பு, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். பக்கத்து ஸ்கிரீனை எட்டிப் பார்ப்பதுதான் அங்கே அதிகம் நடந்த போங்காட்டம். அதற்குத் தண்டனையும் அங்கேயே கிடைத்துவிடும்.

போங்காட்டம் அன்றும் நிறையவே இருந்தது. டயாப்லோ அதற்குச் சரியான சாட்சி. 1996 கடைசியில் வெளிவந்த அந்த ஆட்டத்தில், ஒருவருடைய கதாபாத்திரம் பற்றிய விவரமெல்லாம் அவருடைய கணினியிலேயே ஒரு கோப்பாக இருந்தது. கோப்பைத் திருத்தத் தெரிந்தவருக்கு வேண்டிய வாளும் கவசமும் கையில் வந்துவிடும். 2000இல் வந்த டயாப்லோ 2, அந்த விவரத்தை நிறுவனத்தின் சர்வரில் பூட்டி வைத்து அந்த வழியை அடைத்தது.

சுடும் ஆட்டங்களில் அப்படிப் பூட்டிவிட முடிவதில்லை. எதிரியைத் திரையில் வரைய வேண்டுமென்றால், அவர் எங்கே நிற்கிறார் என்பதை ஆடுபவரின் கணினி முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். சுவர் இருப்பது படத்தில்தான். நினைவகத்தில் சுவர் இல்லை. அங்கே எட்டிப் பார்க்கும் ஒரு நிரலுக்கு எல்லோரும் வெட்டவெளியில்தான் நிற்கிறார்கள். இதுதான் வால்ஹேக். அந்த இடத்தை நோக்கிக் குறியைத் தானே திருப்பிவிடுவது எய்ம்பாட். வேலரன்ட் போன்ற இன்றைய ஆட்டங்களில், எதிரி கண்ணில் படப்போகும் கணம் வரை அவர் இருக்கும் இடத்தையே அனுப்பாமல் சர்வர் நிறுத்திவைக்கிறது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் கண்ணில் பட்ட பிறகு குறி வைப்பது கையா, நிரலா என்பதை அந்த ஏற்பாடு சொல்லாது.

முதல் தடுப்பு நிரல்கள் எளிமையானவை. 2000இல் வந்த பங்க்பஸ்டர், கணினியில் ஏற்கெனவே தெரிந்த சீட் நிரல், அதாவது போங்காட்டத்துக்கு உதவும் நிரல், ஏதும் ஓடுகிறதா என்று தேடியது. 2002இல் கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கின் உரிமையாளரான வால்வ் நிறுவனம் வேக் என்ற தன் சொந்தத் தடுப்பைக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் அதன் தடை 24 மணி நேரம்தான். பிறகு ஓராண்டு, ஐந்தாண்டு என்று நீண்டு, 2005இல் நிரந்தரம் ஆனது. அகப்பட்டவரை அந்தக் கணமே வெளியேற்றாமல், சில நாளோ வாரமோ கழித்துப் பலரைச் சேர்த்துத் தடை செய்யும் வழக்கமும் வந்தது. எந்தத் தடயம் காட்டிக்கொடுத்தது என்று சீட் எழுதியவருக்குத் தெரியக் கூடாது என்பது காரணம். சரியான யோசனைதான், ஆனால் அத்தனை நாளும் அவரோடு ஆடியவர்களின் தோல்விகள் தோல்விகளாகவே நின்றன.

இன்றைய அளவு வேறு. பப்ஜி ஆட்டத்தில் மட்டும் 2018 அக்டோபருக்குள் தடை செய்யப்பட்ட கணக்குகள் 1.3 கோடிக்கு மேல். அன்று சீட் நிரல் என்பது பெரும்பாலும் யாரோ ஒரு கெட்டிக்கார இளைஞர் எழுதி இலவசமாகக் கொடுத்தது. இன்று அது சந்தா கட்டி வாங்கும் சரக்கு. 2021இல் சீனக் காவல்துறை டென்சென்ட் நிறுவனத்தோடு சேர்ந்து பிடித்த ஒரு கும்பல், நாளுக்குச் சுமார் 10 டாலர் முதல் மாதத்துக்கு 200 டாலர் வரை வசூலித்தது. மொத்த வருமானம் ஏறத்தாழ 7.6 கோடி டாலர். இந்தப் பணம்தான் போட்டியை முடியாமல் வைத்திருக்கிறது. தடுப்பு நிரல் ஒரு படி கீழே இறங்கினால், அதற்கும் கீழே இறங்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கக் கடைக்காரரால் முடிகிறது.

அப்படி இறங்கி இறங்கித்தான் இரண்டு தரப்பும் கணினியின் அடித்தளமான கெர்னல் வரை வந்திருக்கின்றன. 2020இல் வேலரன்டுடன் வந்த வேன்கார்ட், ஆட்டத்தைத் திறக்கும்போது அல்ல, கணினியைப் போடும்போதே விழித்துக்கொள்கிறது. சீட் விற்பவர்களின் பதில், கணினியை விட்டே வெளியேறுவது. ஆடும் கணினிக்குள் ஓர் அட்டையைச் செருகுகிறார்கள். அது நினைவகத்தை நேரடியாக வாசித்துப் பக்கத்தில் உள்ள இரண்டாவது கணினிக்கு அனுப்புகிறது. சீட் ஓடுவது அந்த இரண்டாவது கணினியில். காவலாளி துழாவுகிற வீட்டில் திருட்டுப் பொருளே இல்லை.

நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடும் போட்டி அரங்கும் தப்பவில்லை. 2018இல் ஷாங்காயில் நடந்த கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆசியப் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணி ஆடிக்கொண்டிருந்தபோது, அந்த அணி வீரர் ஒருவரின் கணினியில் ‘வேர்ட்’ என்ற பெயரில் ஒளித்து வைத்த எய்ம்பாட் நிரல் அகப்பட்டது. அணி போட்டியிலிருந்து நீக்கப்பட்டது, பிறகு கலைக்கவும்பட்டது. அவருக்கு ஐந்தாண்டுத் தடை. இந்திய அணிகளுக்கு வெளிநாட்டு மேடைகள் அரிதாகவே வாய்த்த காலம் அது. அவரோடு ஆடிய மற்ற நால்வரும் ஒன்றும் செய்யாமலே அணியை இழந்தார்கள். எனக்கு இந்தச் சம்பவத்தில் மிகவும் வலித்தது அதுதான்.

அட்மினின் கண்ணுக்கு ஈடாக வந்தவை என்ன? 2013இல் வால்வ், அனுபவமுள்ள ஆட்டக்காரர்களிடமே பெயர் மறைத்த பதிவுகளைக் கொடுத்துத் தீர்ப்புக் கேட்டது. அந்தத் தீர்ப்புகளைப் பாடமாக வைத்து வேக்நெட் என்ற இயந்திரக் கற்றல் அமைப்பைப் பழக்கியது. சக ஆட்டக்காரர்கள் புகார் செய்த பதிவுகளில் குற்றம் உறுதியானது 15 முதல் 30 சதவீதம் மட்டுமே என்றும், இயந்திரம் எடுத்துக் கொடுத்தவற்றில் 80 முதல் 95 சதவீதம் உறுதியானது என்றும் 2018இல் வால்வ் பொறியாளர் ஒருவர் மேடையில் சொன்னார்.

இந்த எண்களை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஆத்திரத்தில் மனிதர்கள் செய்யும் புகார்களில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை என்று அவை சொல்கின்றன. நன்றாக ஆடியதற்காக அன்று விரட்டப்பட்டவர்களுக்கு, கோபமும் வேண்டுதல் வேண்டாமையும் இல்லாத இந்த இயந்திரம் நியாயம் செய்திருக்கும். நள்ளிரவில் பொத்தானை அழுத்தினால் தன் தரத்துக்கு ஒத்த ஒன்பது பேர் ஒரு நிமிடத்தில் கிடைப்பதும் இன்றைய வசதி. பழைய சர்வரில் இடம் காலியாகக் காத்துக் கிடந்தோம். ஆனால் அந்த ஒன்பது பேரை மறுநாள் பார்ப்பதில்லை. ஒருவருடைய ஆட்டத்தைப் பல மாதம் பார்த்துப் பழகிய பிறகு, அவருடைய அபாரமான ஒரு சூட்டுக்குக் கை தட்டத் தோன்றும். முகம் தெரியாதவரின் அதே சூட்டுக்கு இன்று முதலில் வருவது ‘ஹேக்கர்’ என்ற வசை. உண்மையிலேயே திறமையுள்ள ஒரு சிறுவன் தினமும் கேட்டு வளர்வது அதைத்தான்.

இதற்கெல்லாம் நடுவே ஆட்டக்காரர்கள் தாங்களாகவே ஒரு வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். வால்வின் வேக் கெர்னலுக்குள் இறங்குவதில்லை. அதனால் கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கைத் தீவிரமாக ஆடுபவர்கள் பலர் ஃபேஸ்இட் என்ற தனித் தளத்துக்குப் போகிறார்கள். அங்கே ஆட வேண்டுமென்றால் கெர்னல் வரை இறங்கும் அந்தத் தளத்தின் தடுப்பு நிரலை நிறுவியாக வேண்டும். தன் கணினியின் அடித்தளத்தை முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்துக்குத் திறந்துவிடுவது சின்ன விஷயமல்ல. அதில் ஒரு ஓட்டை விழுந்தால் போவது ஆட்டம் மட்டுமல்ல. அங்கே போகச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு மணி நேரம் சந்தேகமில்லாமல் ஆட வேண்டும் என்பதற்காக, அதைத் தெரிந்தே நிறுவுகிறார்கள். நானும் நிறுவியிருக்கிறேன்.