சைக்கிளை ஓட வைப்பவர்கள் யார்?
வணிகர்கள் அறிய வேண்டிய ஒரு கணக்கு

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில் உள்ள திருப்புலிவனம் போன்ற ஊர்களில் மளிகைக் கடை நடத்தும் நம் வணிகர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் நம் கடையில் வாங்கினாலும் வாங்குவார். விலை நான்கு ரூபாய் குறைவு என்று கேள்விப்பட்டால் உத்திரமேரூருக்கோ காஞ்சிபுரத்துக்கோ போய் மாதச் சாமான் முழுவதையும் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர் அப்படியல்ல. சுற்றுவட்டாரத்தில் மூன்று, நான்கு கிலோ மீட்டருக்குள் இருக்கும் கடைதான் அவருக்குக் கடை. இன்று கால் கிலோ பருப்பு, நாளைக்கு அரை லிட்டர் எண்ணெய் என்று தினமும் கல்லாவுக்குப் பணம் கொண்டு வருகிறவர் அவர்தான்.

ஆகவே, சைக்கிள் ஓடுகிறதா, ஓடாமல் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறதா என்பது சைக்கிள் கடைக்காரர் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் அல்ல. சிறு வியாபாரிகளான நம் அனைவருக்கும் அதில் இலாப நஷ்டம் உண்டு. சைக்கிள் உலகத்தை உருவாக்கியவர்கள் யார், அவர்கள் செய்தது என்ன, அதில் நமக்குள்ள பங்கு என்ன என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

வணிகர்கள் தொடங்கிய தொழில்

ஒரு காலத்தில் நம் நாட்டில் ஓடிய நல்ல சைக்கிள்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ், ஹம்பர் என்ற பெயர்களைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த நிலையை மாற்றியவர்களில் நம் தமிழ்நாட்டு வணிகக் குடும்பம் ஒன்றும் உண்டு. செட்டிநாட்டுப் பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தார் பர்மாவில் லேவாதேவித் தொழில் செய்து வந்தவர்கள். அவர்கள் 1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் வண்டிகள் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன.

வடக்கே லூதியானாவில் நடந்தது இன்னும் சுவையான வரலாறு. இன்று பாகிஸ்தானில் உள்ள கமாலியா என்ற ஊரைச் சேர்ந்த முஞ்சால் சகோதரர்கள் 1944-ல் அமிர்தசரஸ் வந்து சைக்கிள் உதிரி பாகங்கள் வியாபாரத்தில் இறங்கினார்கள். பிறகு லூதியானாவுக்குக் குடியேறி, 1956-ல் ஹீரோ சைக்கிள்ஸ் என்ற பெயரில் முழு வண்டி செய்யத் தொடங்கினார்கள். முதல் ஆண்டில் செய்தது 639 வண்டிகள்தான். 1986-ல் உலகிலேயே அதிக சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று கின்னஸ் புத்தகத்தில் அதன் பெயர் ஏறியது.

இந்த இரண்டு வரலாறுகளிலும் நமக்குப் பாடம் உண்டு. ஒருவர் பணம் கொடுத்து வாங்கிய வியாபாரத்தில் தேர்ந்தவர். மற்றவர் உதிரி பாகம் விற்று, எந்த ஊரில் எந்தப் பாகத்துக்குக் கிராக்கி என்று தெரிந்துகொண்டவர். சந்தையை முதலில் தெரிந்துகொண்டு பிறகு சரக்கைச் செய்தார்கள்.

ஒரே அளவு செய்த உபகாரம்

தொழிற்சாலை வண்டியைச் செய்து அனுப்பிவிடும். அதன் பிறகு பத்து, இருபது ஆண்டுகள் அதை ஓட வைப்பவர் யார்? சாலையோரப் புளிய மரத்தடியில் தண்ணீர்த் தொட்டியும் காற்றடிக்கும் பம்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக்தான்.

அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப் என்பவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து 1888-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை கெட்டி ரப்பர் பட்டையில் எலும்பு நோக ஓடிய வண்டி சுகமாக ஓடத் தொடங்கியது. ஆனால் காற்று வந்ததும் பஞ்சரும் கூடவே வந்தது. பஞ்சர் வந்ததால் அதை ஒட்டுவதற்கு ஊருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டார். இப்படித்தான் சைக்கிள் பழுது பார்ப்பது உலகமெங்கும் ஒரு தொழிலாக வளர்ந்தது.

நம் ஊர்களில் அந்தத் தொழில் தழைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரியவர்கள் ஓட்டிய கறுப்பு வண்டி எந்தக் கம்பெனியுடையது ஆனாலும் டயர், ட்யூப் பெரும்பாலும் 28 × 1½ என்ற ஒரே அளவுதான். பெடல், செயின், பிரேக் கட்டை, காட்டர் பின், பால்ரஸ் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆகவே சிறு முதல் போட்டு ஒரு மரப் பெட்டி நிறையப் பாகம் வாங்கி வைத்தால் ஊரிலுள்ள எல்லா வண்டிகளையும் பழுது பார்க்கலாம். சரக்கு தேங்காது, முதல் முடங்காது. கிராமத்தில் சைக்கிள் நிலைத்து நின்றதற்கு இந்த ஒற்றுமை முக்கியமான காரணம்.

அந்தக் கடைக்காரரேதான் பெரும்பாலும் அவர் சைக்கிளும் விட்டார். சொந்தமாக வண்டி வாங்க வசதியில்லாதவர் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து எடுத்துப் போவார். நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொள்வதோடு சரி; ஆளைத் தெரியும் என்பதே ஜாமீன். சந்தைக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், குரங்குப் பெடல் போட்டுப் பழகுகிற பையன் என எல்லோருக்கும் சைக்கிளை எட்டும் பொருளாக்கியது அந்த வாடகைக் கடைதான். இது முழுக்க முழுக்கச் சிறு வணிகர் செய்த காரியம்.

புதுக்கோட்டை காட்டிய வழி

நிர்வாகத்தில் இருப்பவர்கள் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் சாட்சி. 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்துக் கற்பிப்பதோடு நில்லாமல் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்கச் செய்தார். பெண்கள் வண்டி வாங்க வங்கிக் கடன் கிடைக்கவும் ஏற்பாடு செய்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்த மாவட்டத்துக்கே போய்ப் பார்த்து எழுதிய பிறகு நாடு முழுவதும் அது பேசப்பட்டது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கினார்கள் என்று அவர் எழுதினார்.

வணிகர்கள் இதில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. முதலாவது, அங்கே பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடே ஏற்பட்டது. வண்டி கிடைக்காத பெண்கள் ஆண்கள் வண்டியை வாங்கினார்கள். முன்னால் உள்ள பார் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. இரண்டாவது, காய்கறி போன்ற விளைபொருள்களைப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்கும் பெண்கள் பேருந்துக்காகக் காத்துக் கிடக்கும் நேரம் மிச்சமாயிற்று. அந்த நேரத்தில் இன்னும் இரண்டு ஊர்களுக்குப் போக முடிந்தது. பயிற்சி, கடன், கடையில் சரக்கு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் கூடி வந்ததால்தான் இது நடந்தது. மூன்றில் எது குறைந்திருந்தாலும் அந்த முயற்சி ஓர் ஊர்வலத்தோடு முடிந்திருக்கும்.

இலவச சைக்கிளும் நம் வியாபாரமும்

தமிழக அரசு 2001-2002 கல்வியாண்டில் மேல்நிலைப் பள்ளிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு விலையில்லாமல் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. பின்னர் அது அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. அரசே ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்கிப் பிள்ளைகளிடம் வண்டியாகவே கொடுக்கிறது.

பீகாரில் 2006-ல் இதே நோக்கத்தோடு தொடங்கியபோது முறை வேறாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிக்கு 2,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார்கள். குடும்பத்தார் தங்கள் ஊர்ப் பக்கத்துக் கடையிலேயே வண்டி வாங்கினார்கள். பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை அங்கே நன்றாகவே உயர்ந்தது என்பதை ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

எந்த முறை சிறந்தது என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. மொத்தக் கொள்முதலில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி வண்டி கிடைக்கிறது. ரொக்க முறையில் உள்ளூர்க் கடைக்கு விற்பனையும், விற்றவரிடமே பழுது பார்க்கும் உறவும் கிடைக்கிறது. நம் மாநிலத்தில் புது வண்டி விற்பனை உள்ளூர்க் கடைக்கு வராது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்த வண்டி ஆறு மாதத்தில் பஞ்சர் ஆகும். ஓராண்டில் பிரேக் கட்டை தேயும். இரண்டாண்டில் டயர் கேட்கும். அப்போது ஊரில் மெக்கானிக்கும் பாகமும் இல்லையென்றால், அரசு செலவழித்த பணம் துருப்பிடித்துச் சுவரோரம் நிற்கும். பழுது பார்க்கும் வியாபாரம் என்றைக்கும் உள்ளூருக்கே உரியது. அதை நாம் விட்டுவிட்டால் எடுத்துச் செய்ய வேறு ஆள் இல்லை.

தொழில் நலிவதேன்?

1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்த பிறகு, பால்காரர் முதல் மளிகை வியாபாரி வரை சுமை ஏற்றுகிறவர்கள் மெல்ல மெல்ல அதற்கு மாறினார்கள். அவர் சைக்கிள் கடைகள் மூடப்பட்டன. 1951-ல் அரியானா மாநிலம் சோனிபட்டில் தொடங்கிப் புகழ்பெற்ற அட்லஸ் நிறுவனம், சாகிபாபாத்தில் இருந்த தன் ஆலையை 2020 ஜூன் 3-ஆம் தேதி மூடியது. ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த உலக சைக்கிள் தினமும் அதே நாள்தான்!

இன்னொரு காரணம், முன்பிருந்த ஒரே அளவு இப்போது இல்லை. பருமனான டயர் போட்ட வண்டி, கியர் வண்டி, சிறுவர் வண்டி என்று சக்கர அளவு பலவாகிவிட்டது. 26-க்கு வாங்கி வைத்த ட்யூப் 29-க்கு ஆகாது. சிறு முதலில் எல்லா அளவும் வாங்கி வைக்க முடியாததால் மெக்கானிக் கை விரிக்கிறார். எந்தப் பழைய மெக்கானிக்கிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் சொல்வது இந்தக் குறையைத்தான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பாகம் விற்பவர்கள் இந்தக் குறைப்பை வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் விற்பனை கூடும்.

நாம் செய்யக்கூடியவை

1. மளிகைக் கடையிலேயே ஒரு சிறிய தட்டு ஒதுக்கி ட்யூப், வால்வ் ட்யூப், பிரேக் கட்டை, பஞ்சர் சொல்யூஷன் வைக்கலாம். முதலில் உங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் வண்டிச் சக்கரம் என்ன அளவு என்று பார்த்து அதை மட்டும் வாங்குங்கள். எல்லா அளவும் வேண்டாம்.

2. ரப்பர் சரக்கை எண்ணெய் டின் பக்கத்தில் வைக்காதீர்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். வெயில் படும் இடத்தில் ஆணியில் தொங்கவிட்டாலும் வெடித்துவிடும். சொல்யூஷன் மூடியிலேயே உலர்ந்துபோகும் சரக்கு. குறைவாக வாங்கி அடிக்கடி வாங்குவதே இலாபம்.

3. ஜூனில் பள்ளி திறக்கும்போதும், ஐப்பசி அடை மழைக்கு முன்பும் பாகங்களுக்குக் கிராக்கி கூடும். அதற்கு முன்னதாகவே கொள்முதல் செய்து வையுங்கள்.

4. ஊரில் மெக்கானிக் இருந்தால் கடை வாசலில் நிழலும் இடமும் கொடுங்கள். வண்டியை விட்டுவிட்டுக் காத்திருப்பவர் சும்மா நிற்கமாட்டார், ஏதாவது வாங்குவார்.

5. பக்கத்துத் தெருக்களுக்குச் சாமான் அனுப்ப சைக்கிளையே பயன்படுத்தலாம். நல்ல கேரியர் உள்ள வண்டியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைப் பழைய ட்யூப் பட்டையால் இறுக்கிக் கட்டி அனுப்பலாம். மூன்று கிலோ மீட்டர் தூரத்துக்குக் கால் மணி நேரம் போதும். பெட்ரோல் செலவு இல்லை. பின் சக்கரத்தில் காற்று மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; காற்றுக் குறைந்தால் சுமையில் ரிம் அழுத்தி ட்யூப் கிழியும்.

6. பல ஊர்க் கடைக்காரர்கள் சேர்ந்து சங்கத்தின் மூலம் மொத்தமாகப் பாகம் வாங்கிப் பிரித்துக்கொண்டால், தனித்தனியே பல அளவுகளில் முதலை முடக்க வேண்டியதில்லை. ஒரு கடையில் இல்லாத அளவு இன்னொரு கடையில் இருக்கும்.

பள்ளத்தூர்க் குடும்பமும் லூதியானா சகோதரர்களும் சைக்கிளைச் செய்தார்கள். புதுக்கோட்டையில் ஓர் அதிகாரி பெண்களை அதில் ஏற்றிவிட்டார். அரசு பிள்ளைகள் கையில் கொடுத்தது. ஆனால் வண்டி தினமும் ஓட வேண்டுமானால் ஒரு ட்யூப்பும் ஒரு பிரேக் கட்டையும் கூப்பிடு தூரத்தில் கிடைக்க வேண்டும். அந்தக் கூப்பிடு தூரத்தில் கடை வைத்திருப்பவர்கள் நாம். பள்ளி திறக்கும் முன் ஒவ்வொரு உறுப்பினரும் தம் ஊரில் ஓடும் சைக்கிள்களையும் ஓடாமல் நிற்கும் சைக்கிள்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துச் சங்கத்துக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மொத்தக் கொள்முதலை எந்த அளவில் தொடங்கலாம் என்பதை அந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்யலாம்.