கண்ணாடிக்குள் ஒரு குளம் – 11: தந்தை இட்ட சுண்ணாம்புக்கல்

மீன் தொட்டியில் அமோனியா நைட்ரைட்டாகவும், நைட்ரைட் நைட்ரேட்டாகவும் மாறும் வரிசை சென்ற வாரமே சொல்லப்பட்டுவிட்டது. அந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சிலும் சரளைக்கல்லிலும் ஒட்டி வாழ்பவை என்பதையும் தொடரைப் படித்துவருவோர் அறிவர். ஃபில்டரை எப்போது, எப்படிக் கழுவுவது என்பதே இந்த வாரத்துக்கு அறிவிக்கப்பட்ட பொருள். எனினும் அதற்கு முன் நீரின் காரத்தன்மையை, அதாவது அமிலத்தை நடுநிலையாக்கும் கார்பனேட், பைகார்பனேட் உப்புகளின் கையிருப்பைப் பேசியாக வேண்டும்; அதைப் பேசத் தொடங்கினால் வாரிங்டன் என்ற பெயரைக் கடந்துபோக முடியாது.

இங்கிலாந்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற ஒரே பெயரில் இரு வேதியியலர் இருந்தனர்; ஒருவர் தந்தை, மற்றவர் மகன். லண்டன் கெமிக்கல் சொசைட்டி 1841இல் உருவாவதற்கு முன்னின்று உழைத்த தந்தை (1807–1867), 1850இல் அச்சங்கத்தின் இதழில் ஒரு சோதனையை விவரித்தார். ஏறத்தாழ பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் பாதியளவு ஊற்றுநீர் நிரப்பி, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டு, நாடாபோல் நீண்ட இலைகளையுடைய வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் நட்டிருந்தார். தாவரத்தின் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கத் தொடங்கியபோது, அழுகலைத் தின்னும் நன்னீர் நத்தைகளை உள்ளே சேர்த்தார். நீர் தெளிந்தது, மீன்கள் நலமாக வாழ்ந்தன. விலங்கு வெளியிடும் கரியமில வாயுவைத் தாவரம் ஏற்றுக்கொண்டு ஆக்சிஜனைத் திருப்பித் தருகிறது என்ற சமநிலையே இதற்கு அவர் தந்த விளக்கம். வீட்டு மீன் தொட்டி என்னும் வழக்கமே பெருமளவு இந்த விளக்கத்தின் மேல் எழுந்தது.

அந்த விவரிப்பில் வாசகர் எளிதில் தாண்டிச் சென்றுவிடக்கூடிய ஒரு சிறு குறிப்பு உண்டு. கலத்தின் அடியில் மணலும் சேறும் இட்ட வாரிங்டன், மேட்லாக் என்ற ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த, துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கற்களையும் சில மணற்கற்களையும் அவற்றின்மேல் அடுக்கியிருந்தார். மீன்கள் வேண்டும்போது அடியில் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்பதே அவர் கூறிய காரணம். இன்றைய அறிவோடு பார்த்தால், அந்தக் கற்களின் துளைகள் நுண்ணுயிர்கள் ஒட்டிப் படர இடம் தந்திருக்கும். அதே கல்லின் சுண்ணாம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நீரின் காரத்தன்மையையும் காத்திருக்கும். உயிரியல் வடிகட்டி என்ற கருத்தே பிறக்காத காலத்தில் அதற்குரிய அத்தனை பொருள்களும் ஒரே கலத்துக்குள் கூடியிருந்தன என்பது வியப்பூட்டும் செய்தி. தாவரமும் நத்தையும் பெற்ற புகழில் ஒரு பங்கு அந்தக் கல்லுக்கும் உரியது.

தந்தை மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1877இல், பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாய் வழியே கழிவுநீரை மெல்லச் சொட்டவிட்டனர். முதல் இருபது நாள்களுக்கு அமோனியா மாற்றமின்றி வெளிவந்தது. பின்னர் நைட்ரேட் தோன்றி, அமோனியா மறைந்தது. குளோரோஃபார்ம் சேர்த்ததும் மாற்றம் நின்றுபோனதால், இது உயிருள்ள ஒன்றின் செயல் என்று அவர்கள் முடிவு செய்தனர். அமோனியா இவ்வாறு நைட்ரேட்டாக மாறுவதே நைட்ரேட்டாதல் எனப்படுகிறது. புதிய தொட்டி வைத்த முதல் வாரங்களில் மீன்கள் அடுத்தடுத்து இறப்பதற்குப் பின்னால் இருப்பதும் இதே காத்திருப்புக் காலம்தான்.

அந்த முடிவைச் சோதித்து விரிவாக்கியவர்களில் முதன்மையானவர், ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1876இல் சேர்ந்திருந்த மகன் வாரிங்டன் (1838–1907). அமோனியா நைட்ரைட்டாவதும், நைட்ரைட் நைட்ரேட்டாவதும் வெவ்வேறு நுண்ணுயிர்களின் வேலை என்று அவர் காட்டினார். நைட்ரேட்டாதல் தடையின்றி நடக்க, அதில் விளையும் அமிலத்தைத் தணிக்கும் ஒரு காரப்பொருள் உடனிருக்க வேண்டும் என்பதையும் நிறுவினார். அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் முயற்சி மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. அது 1890இல் சூரிச்சில் இருந்த வினோகிராட்ஸ்கிக்கு வாய்த்தது. இரண்டு படிகளையும் ஒரே நுண்ணுயிர் தனியாகவே முடிப்பதும் உண்டு என்று 2015இல் தெரியவந்ததும், அவற்றுள் ஒருவகை நெதர்லாந்தில் மீன் வளர்ப்பு அமைப்பொன்றின் வடிகட்டியிலிருந்தே கிடைத்ததும் தனியொரு வாரத்துக்குரிய செய்திகள். கல்லை இட்டவர் தந்தை, அந்தக் கல் ஏன் வேண்டும் என்பதைக் கண்டவர் மகன் என்றாலும், மகன் ஆய்ந்தது வயல் மண்ணையே.

தொட்டி வைத்திருப்போர்க்கு இதன் பயன் கணக்காகவே புலப்படும். ஒரு கிராம் அமோனியா-நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற ஏறக்குறைய 4.6 கிராம் ஆக்சிஜனும், கால்சியம் கார்பனேட் அளவில் 7.1 கிராம் காரத்தன்மையும் செலவாகின்றன. காரத்தன்மையைக் குறிக்கும் அளவான கே.எச். 4 டிகிரி காட்டும் 100 லிட்டர் தொட்டியில் இருக்கும் மொத்தக் காரத்தன்மையும் கிட்டத்தட்ட அதே 7.1 கிராம்தான். 40 விழுக்காடு புரதமுள்ள தீவனத்தில் பத்து கிராமுக்கு 0.64 கிராம் நைட்ரஜன் உண்டு. அதில் பாதி அமோனியாவாக வெளிவருவதாகக் கொண்டால், முப்பது கிராம் சொச்சம் தீவனம் அந்தக் கையிருப்பு முழுவதையும் கரைத்துவிடும். நீர் மாற்றமும் செடிகளும் ஓரளவு ஈடுசெய்வதால்தான் பல தொட்டிகள் தாக்குப்பிடிக்கின்றன.

ஈடுசெய்யப்படாத தொட்டியில் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்போதே பி.எச். 6ஐ நெருங்கிவிடும், நுண்ணுயிர்களின் வேலை தளரும், அமோனியா சோதனையில் மஞ்சளாகவே நிற்க வேண்டிய சோதனைக் குழாய் நீர் பச்சையாக மாறி, அமோனியா தேங்கியிருப்பதைக் காட்டும். அமில நீரில் அது பெரும்பாலும் அமோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருப்பதால் மீன்கள் வழக்கம்போல் இரை எடுத்துக்கொண்டிருக்கும். இந்நிலையில், பி.எச். 8 உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாதித் தொட்டிக்கு ஒரே நாளில் ஊற்றினால், எஞ்சிய அமோனியம் நச்சு அமோனியாவாக மாறத் தொடங்கும். 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7இல் 0.6 விழுக்காடு அளவில் இருக்கும் நச்சு வடிவம், பி.எச். 8இல் 5 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நீர் மாற்றிய மறுநாளே மீன்கள் இறந்ததாகக் கூறப்படும் பல நிகழ்வுகளில் புதிய நீரின்மேல் பழி விழுகிறது. நெடுநாள் கவனிக்கப்படாத காரத்தன்மை எவர் கண்ணிலும் படுவதில்லை.

இத்தகைய தொட்டியில் தீவனத்தைக் குறைத்து, பத்தில் ஒரு பங்கு நீரைச் சில நாள் இடைவெளியில் மாற்றி, ஒவ்வொரு முறையும் அமோனியாவையும் கே.எச். அளவையும் சோதித்து மீட்பதே பாதுகாப்பானது. நிலை சீரானபின் ஒரு பிடி கிளிஞ்சலையோ பவளத் துணுக்குகளையோ வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தால், நீர் அமிலமாகும்போதெல்லாம் அவை கரைந்து ஈடு தரும்.

ஃபில்டர் கழுவும் முறை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அதற்குள் ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அதைக் கசக்காமல், தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளி நீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்து உடனே திரும்ப மாட்டிவிடலாம்.