கடைசி விமானத்துக்காகப் பறக்கிறவர்தான் லீடர்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

திண்டுக்கல்லில் இருந்து பேசுறேன். இந்த வாரம் விமானம் பத்தின எபிசோடுன்னு சொன்னதும் ஒரு நண்பர், "ஏர் ஃபோர்ஸ் அகாடமி உங்க ஊர்லதானே இருக்கு?"ன்னு கேட்டார். அது துண்டிகல்ங்க, ஹைதராபாத் பக்கம். நம்ம ஊர்ல விமான நிலையமே கிடையாது. பக்கத்துல இருக்கிறது மதுரைதான்.

ஆனா வாரத்துல ஒரு ராத்திரி, பத்து மணிக்கு மேல, நாங்க எட்டு பேர் ஹெட்செட்டை மாட்டிக்கிட்டுப் பறக்கப் போயிடுவோம். ஐஎல்-2 மாதிரியான காம்பாட் சிமுலேட்டர்ல இரண்டாம் உலகப்போர் காலத்து குண்டுவீச்சு விமானங்கள் இருக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு, ஒரே கூட்டமா ஒரு இலக்குக்குப் போய்த் திரும்புறதுதான் மிஷன்.

நான் முதல் தடவை லீடரா போன அன்னைக்கு எட்டு பேர் கிளம்பினோம். இலக்குக்கு மேல வந்து பார்த்தா மூணு பேர்தான் இருந்தோம். மத்த அஞ்சு பேரும் வழியிலேயே எதிரி ஃபைட்டர்கிட்ட மாட்டிக்கிட்டாங்க. "பசங்களுக்கு ஃபார்மேஷன் பிடிக்கத் தெரியலை"ன்னு நான் புலம்பினேன். அப்புறம் ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்தோம். தப்பு முழுக்க என்னோடது. அது என்ன தப்புங்கிறதுதான் இன்னைக்கு எபிசோடு.

ஏன் கூட்டமா போகணும்?

குண்டுவீச்சு விமானம் கனமானது, மெதுவா திரும்பும். ஒரு ஃபைட்டர் விரட்டினா தப்பிச்சு ஓட முடியாது. அதோட ஒரே பாதுகாப்பு அதுல இருக்கிற துப்பாக்கிகள்தான். தனியா போற விமானத்துல எந்தத் துப்பாக்கியும் எட்டாத மூலைகள் இருக்கும். எட்டு விமானம் நெருக்கமா, கொஞ்சம் மேலும் கீழுமா அடுக்கி நின்னா, ஒருத்தரோட குருட்டு மூலையை இன்னொருத்தரோட துப்பாக்கி பார்த்துக்கும். 1942 கடைசியில அமெரிக்க விமானப்படையின் கர்டிஸ் லெமே இங்கிலாந்துல வச்சு பி-17 விமானங்களுக்கு உருவாக்கின 'காம்பாட் பாக்ஸ்' அடுக்கோட அடிப்படையும் இதுதான்.

இதுக்கு மறுபக்கம் ஒண்ணு இருக்கு. கூட்டத்தை விட்டு ஒரு கிலோமீட்டர் பின்தங்கினவனுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஃபைட்டர் முதல்ல தேடுறதே அவனைத்தான்.

கிளம்பும்போதே தோத்துட்டோம்

நம்ம ஊர்க் கணக்கா சொல்றேன். மதுரை விமான நிலையத்துல இருந்து திண்டுக்கல் நேர்கோட்டுல ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்துல போனா நிமிஷத்துக்கு 6 கிலோமீட்டர், அதாவது பத்து நிமிஷப் பயணம்.

எட்டு விமானமும் 30 நொடிக்கு ஒண்ணா ரன்வேயை விட்டுக் கிளம்புதுன்னு வைங்க. கடைசி விமானம் மூன்றரை நிமிஷம் லேட். அதுக்குள்ள லீடர் 21 கிலோமீட்டர் போயிருப்பார். கிட்டத்தட்ட திண்டுக்கல்லுக்கும் கொடைரோட்டுக்கும் உள்ள தூரம். கடைசி ஆள் முழு த்ராட்டில் வச்சு லீடரை விட 20 கிலோமீட்டர் கூடுதல் வேகத்துல போனாலும், எட்டிப் பிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். மிஷனே அதுக்குள்ள முடிஞ்சிடும்.

அதனால லீடர் நேரா போகக் கூடாது. களத்துக்கு மேலேயே அகலமா ஒரு வட்டம் அடிக்கணும். பின்னாடி வர்றவங்க வட்டத்தைக் குறுக்கே வெட்டி வந்து சேர்ந்துடுவாங்க. நான் அன்னைக்கு வட்டம் அடிக்கலை. "நேரம் வீணாகுது"ன்னு நினைச்சேன்.

திருப்பத்துல என்ன ஆகுது?

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்த இடம் இதுதான். லீடருக்கு வெளிப்பக்கம் 300 மீட்டர் தள்ளி ஒருத்தர் பறக்கிறார். லீடர் 15 டிகிரி சாய்ச்சுத் திரும்பினா, அந்த வளைவோட ஆரம் சுமார் 3.8 கிலோமீட்டர். வெளியே இருக்கிறவர் அதைவிடப் பெரிய வட்டம் சுத்தணும். லீடரோட 360க்கு ஈடு கொடுக்க அவருக்கு சுமார் 388 தேவை. இதுவே லீடர் அவசரப்பட்டு 30 டிகிரி சாய்ச்சா ஆரம் 1.8 கிலோமீட்டருக்குக் கீழே வந்துடும். இப்போ வெளியே இருக்கிறவருக்கு 420 வேணும். குண்டு ஏத்தின கனமான விமானத்துக்கு அந்த வேகமே இருக்காது.

நான் அன்னைக்கு என்ன பண்ணினேன்? முழு த்ராட்டில், முப்பது டிகிரி திருப்பம். என் விமானத்துல எல்லாமே சுகமா இருந்துச்சு. லீடருக்கு எப்பவுமே சுகமாத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து.

பழனி பாதயாத்திரை போனவங்களுக்கு இது புரியும். முன்னால கொடி பிடிச்சுப் போறவர் கொஞ்சம் வேகமா நடந்தா, கடைசியில வர்றவங்க ஓடணும். ஓடி வந்து சேரும்போது முன்னால இருக்கிறவங்க இளைப்பாறி முடிச்சுத் திரும்பக் கிளம்பிடுவாங்க. அனுபவப்பட்டவர் கூட்டத்துலேயே மெதுவா நடக்கிறவரோட நடையைத்தான் எடுத்துக்குவார்.

இப்போ எங்க விதி இது. லீடர் ஒருநாளும் முழு த்ராட்டில் தொடக் கூடாது. திருப்பம் 15 டிகிரிக்கு மேல கிடையாது. திரும்புறதுக்குப் பத்து நொடி முன்னாடி சொல்லிடணும். விங்மேனுக்கும் வேலை இருக்கு. லீடரோட எஞ்சின் உங்க கண்ணாடிச் சட்டத்துல எந்த இடத்துல தெரியுதோ, அதை அங்கேயே பூட்டுப் போட்ட மாதிரி வச்சுக்கணும். த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமா மட்டும் அசைக்கணும். கிட்ட வந்த பிறகு குறைச்சா தாண்டிப் போயிடுவீங்க.

இதையெல்லாம் பழகிக்க மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் நல்ல இடம். அதுல சண்டை கிடையாது, ஆனா முழு உலகமும் இருக்கு. மதுரையில கிளம்பி நான்கு வழிச்சாலையைப் பிடிச்சு வடக்கே வருவோம். இடது பக்கம் கொடைக்கானல் மலை, வலது பக்கம் சிறுமலை. நடுவுல சமவெளி திறக்கும்போது முன்னால ஒத்தைப் பாறையா மலைக்கோட்டை தெரியும். அதைச் சுத்தி அகலமா ஒரு திருப்பம். எட்டு பேரும் இடம் மாறாம வந்துட்டா அன்னைக்குப் பயிற்சி முடிஞ்சது.

கடைசி ரெண்டு நிமிஷம்

காம்பாட் சிமுலேட்டருக்குத் திரும்புவோம். இலக்கை நெருங்கின பிறகு நேரா, ஒரே உயரத்துல, ஒரே வேகத்துல பறக்கணும். கீழே இருந்து சுட்டாலும் அசையக் கூடாது. 4,000 மீட்டர்ல இருந்து விடுற குண்டு தரைக்கு வர, காற்றுத் தடையை விட்டுட்டுப் பார்த்தா, 28 நொடிக்கு மேல ஆகும். அந்த நேரம் முழுக்க அது முன்னாடியும் போய்க்கிட்டே இருக்கும். நொடிக்கு 100 மீட்டர். அப்போ இலக்குக்கு 2.8 கிலோமீட்டர் முன்னாடியே விட்டாகணும். ஒரு நொடி தாமதிச்சா 100 மீட்டர் தள்ளி விழும். அதனால லீடர் மட்டும்தான் குறி பார்ப்பார். மத்தவங்க அவர் விமானத்துல குண்டு பிரியறதைப் பார்த்த உடனே விடுவாங்க.

இந்தக் கணக்கை நான் ஒரு நாள் திண்டுக்கல் மேப்ல போட்டுப் பார்த்தேன். மலைக்கோட்டையைச் சுத்தி 2.8 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம். என் வீடு, நான் படிச்ச பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்ட், எல்லாமே அந்த வட்டத்துக்குள்ள வந்துடுச்சு. ஒரு நொடி, ரெண்டு நொடிப் பிழைங்கிறது ஒரு தெரு, ரெண்டு தெரு. அன்னைக்கு அப்புறம் "மிஸ் ஆயிடுச்சு"ங்கிற வார்த்தையை என்னால சாதாரணமா சொல்ல முடியலை.

திரிகோணமலையில இருந்து

இது நமக்கு எட்டாத கதையும் இல்லை. 1944 ஆகஸ்ட் 10ஆம் தேதி, இலங்கையில திரிகோணமலைக்குப் பக்கத்துல இருக்கிற சீனன்குடா களத்துல இருந்து 54 அமெரிக்க பி-29 விமானங்கள் கிளம்பின. இலக்கு சுமத்ராவின் பாலெம்பாங், அப்போ ஜப்பான் கையில இருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. போய்வர சுமார் 6,200 கிலோமீட்டர். இடையில எங்கேயும் இறங்க முடியாது. எரிபொருளுக்கே எடை போயிட்டதால ஒரு விமானத்துக்கு ஒரு டன் குண்டுதான். இலக்குப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது 39. திரும்பும்போது ஒண்ணு எரிபொருள் தீர்ந்து கடல்ல இறங்கினது.

நாங்க தோத்தா மறுபடி பட்டனை அழுத்திக் கிளம்பிடுவோம். அவங்களுக்கு அந்தப் பட்டன் கிடையாது. கீழே இருந்தவங்களுக்கும் கிடையாது. விளையாடுறதை இதனால நான் நிறுத்தலை. ஆனா வெற்றியை எண்ணுற விதம் மாறிடுச்சு. இப்போ மிஷன் முடிஞ்சதும் நான் முதல்ல கேட்கிற கேள்வி எத்தனை குண்டு பட்டுச்சுங்கிறது இல்லை, எத்தனை பேர் தரையிறங்கினோம்ங்கிறதுதான்.

போன மாசம் மறுபடி லீடரா போனேன். வட்டம் அடிச்சுக் காத்திருந்தேன். எங்க கூட்டத்துலேயே சின்னப் பையன், நெட்டும் மெதுவா இருக்கிறவன், கடைசியா வந்து சேர்ந்து, "அண்ணே, வந்துட்டேன், போலாம்"னான். அதுக்கு அப்புறம்தான் மூக்கை இலக்குப் பக்கம் திருப்பினேன். குண்டு பாதிக்கு மேல தள்ளித்தான் விழுந்துச்சு. ஆனா எட்டு பேரும் வீடு வந்து சேர்ந்தோம்.

நீங்க முதல் தடவை கூட்டமா பறக்கப் போறீங்கன்னா, குறி பார்க்கிறதை அப்புறம் கத்துக்கலாம். முதல்ல உங்க பின்னாடி வர்றவர் எங்கே இருக்கார்னு கேட்டுப் பழகுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.