நாலு கோடிப் பறவைகள் என்ற கணக்கின் பொருள்

மார்கழி பிறக்கும் தறுவாயில் தொடங்கி, தை பிறப்பதற்குச் சில நாட்கள் இருக்கும்போதே முடிந்துவிடுகிற ஒரு கணக்கெடுப்பு, வட அமெரிக்காவில் நூறு வருஷங்களுக்கு மேலாக நடந்து வருகிறது. டிசம்பர் 14ஆம் தேதி முதல் ஜனவரி 5ஆம் தேதி வரையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும், தெற்கே லத்தீன் அமெரிக்க நாடுகள் சிலவற்றிலும், ஏறத்தாழ 80,000 பேர், கூலி ஏதும் வாங்காமல், பனியையும் மழையையும் பொருட்படுத்தாமல், பைனாகுலரும் குறிப்புப் புத்தகமுமாகப் புறப்பட்டு, கண்ணில் பட்டவையும் காதில் விழுந்தவையுமான பறவைகளை எண்ணி எழுதிக்கொண்டு வருகிறார்கள். கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு என்று இதற்குப் பெயர். பறவைப் பாதுகாப்புக்கான ஆடுபன் சங்கம் இதை நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் அவர்கள் கொண்டுவந்து சேர்த்த தொகை வருஷத்துக்குச் சுமார் 4 கோடிப் பறவைகள். இந்தத் தொகை வெளியானதும், அது முந்திய வருஷத்தைவிடக் கூடியிருந்தால் மகிழ்வதும், குறைந்திருந்தால் பறவைக் குலமே அழிந்து வருகிறதென்று கவலைப்படுவதும் பத்திரிகை வாசிப்பவர்களுக்கு இயல்பாக இருக்கிறது. உண்மையில் அந்த மகிழ்ச்சிக்கும் கவலைக்கும் அந்த ஒற்றைத் தொகையில் ஆதாரம் கிடையாது. அப்படியானால் இத்தனை பேர் எதற்காக எண்ணுகிறார்கள் என்பது நியாயமான கேள்விதான்.

கணக்கெடுப்பின் தொடக்கம் சற்று விசித்திரமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கிறிஸ்துமஸ் தினத்தன்று இரு கட்சிகளாகப் பிரிந்துகொண்டு துப்பாக்கியுடன் காட்டுக்குள் போய், எதிர்ப்பட்ட பறவையையும் பிராணியையும் பாரபட்சமின்றிச் சுட்டு வீழ்த்தி, எந்தக் கட்சியின் குவியல் பெரிதோ அந்தக் கட்சிக்கே வெற்றி என்று கொண்டாடும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணிபுரிந்தவரும் ‘பேர்டு-லோர்’ என்ற பத்திரிகையின் ஆசிரியருமான ஃபிராங்க் சாப்மன், 1900ஆம் ஆண்டு அந்தப் பத்திரிகையின் வாயிலாக, அதே தினத்தில் அதே காட்டுக்குப் போய், சுடுவதற்குப் பதிலாக எண்ணிவிட்டு வரலாமே என்று ஒரு யோசனையை வெளியிட்டார். போட்டியின் ருசியை அவர் கெடுக்கவில்லை, துப்பாக்கியை மட்டும் விலக்கினார்; யோசனை பலித்ததற்கு அந்தச் சாமர்த்தியமும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். அவ்வருஷம் அவர் அழைப்புக்கு இணங்கி, கனடாவின் டொராண்டோவிலிருந்து கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் வரையில், 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். கிடைத்தவை ஏறத்தாழ 90 இனங்கள். பறவைகள் சுமார் 18,500.

இன்று 2,600க்கும் மேற்பட்ட வட்டங்களில் இது நடக்கிறது. வட்டம் என்பது வெறும் வழக்குச் சொல் அன்று. குறுக்களவு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர் கொண்ட ஒரு வட்டத்தை வரைபடத்தில் வரைந்து, அதன் மையத்தை ஒருமுறை நிர்ணயித்துவிட்டால், பின்பு வருஷாவருஷம் அதே வட்டத்துக்குள்தான் எண்ண வேண்டும். குறித்த 23 நாட்களுக்குள் ஒரு தினத்தைத் தேர்ந்துகொண்டு, அந்த ஒரு தினத்தின் 24 மணி நேரத்துக்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும். வட்டத்தைப் பல பகுதிகளாக்கி, பகுதிக்கு ஒரு குழுவாகப் பிரிந்து செல்கிறார்கள்; வெளியே நடக்க இயலாத முதியவர்கள் தங்கள் வீட்டு ஜன்னலருகே அமர்ந்து, தோட்டத்தில் வைத்த தீனித் தட்டுக்கு வரும் பறவைகளை எண்ணித் தருகிறார்கள். 2012ஆம் ஆண்டில் நீக்கப்படும் வரையில், இப்படி எண்ண வருபவர்கள் தலைக்கு ஐந்து டாலர் கட்டணமும் செலுத்தி வந்தார்கள் என்பது, தொண்டூழியத்தைப் பற்றிய நம் எண்ணங்களைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கிற செய்தி.

விடிவதற்கு முன்பே இருட்டில் நின்று ஆந்தையின் குரலுக்குக் காது கொடுப்பதில் ஆரம்பமாகும் அந்த நாளின் வேலையில், மிகவும் கடினமானது கூட்டத்தை எண்ணுவதுதான். ஏரியின் நடுவே ஆயிரக்கணக்கில் வாத்துக்கள் மிதக்கும்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஆகவே, கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை நிதானமாக எண்ணி, அந்தப் பத்தும் பார்வையில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கின்றன என்பதை மனத்தில் பதித்துக்கொண்டு, அதே அளவைக் கொண்டு நூறு பிடித்து, நூறைக் கொண்டு கூட்டம் முழுவதையும் அளந்துவிடுகிறார்கள். கூட்டம் எழுந்து பறந்துவிட்டால் அளந்த அளவும் போய்விடும். ஆதலால் அனுபவசாலிகள் தூரத்திலேயே நின்றுவிடுவார்கள். இருட்டியதும் எல்லாக் குழுக்களும் ஓரிடத்தில் கூடி, சூடான சூப்பும் ரொட்டியுமாக உட்கார்ந்திருக்க, தொகுப்பாளர் ஓர் இனத்தின் பெயரை வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு குழுவும் தன் எண்ணைச் சொல்லும். யாராவது ஓர் அபூர்வப் பறவையைச் சொல்லிவிட்டால், எங்கே, எத்தனை நாழிகை, வெயில் எந்தப் பக்கம், இறக்கையில் கோடு இருந்ததா என்று குறுக்கு விசாரணை தொடங்கிவிடும். பார்த்தவர் ருசுப்படுத்த முடியாவிட்டால் பறவை பட்டியலில் ஏறாது.

இவ்வளவு ஜாக்கிரதையாகச் சேர்த்த எண்களையும் கூட்டித் தொகையாகச் சொல்லும்போது அவை தம் பொருளை இழந்துவிடுகின்றன. காரணங்கள் பல. சென்ற வருஷம் இருபது பேர் எண்ணிய வட்டத்தில் இவ்வருஷம் நாற்பது பேர் எண்ணினால் பறவைகள் அதிகம் தென்படுவது திண்ணம். பனிமூட்டம் கவிந்த நாளானால், இருக்கும் பறவையும் தென்படாது. தென் மாநிலங்களில் குளிர்காலத்தில் ‘பிளாக்பேர்டு’ எனப்படும் கருநிறப் பறவைகள் ஒரே தோப்பில் இலட்சக்கணக்கில் அடையும். அப்படி ஒரு தோப்பு வட்டத்துக்குள் அமைந்துவிட்டால் தேசத்தின் மொத்தத் தொகையே உயர்ந்துவிடும், அடுத்த வருஷம் அவை ஐந்து மைல் தள்ளி அடைந்தால் சரிந்துவிடும். இன்னும் நுட்பமான காரணமும் உண்டு. கனடாவின் ஊசியிலைக் காடுகளில் கூம்புக் காய்களின் விளைச்சல் பொய்த்த வருஷங்களில், அக்காட்டு விதையுண்ணிகள் பசி தாளாமல் பெருங்கூட்டமாகத் தெற்கே இறங்கிவிடுகின்றன; அவற்றை அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் எண்ணுபவர் இனம் விருத்தியடைந்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டால், அது பஞ்சம் பிழைக்க வந்தவர்களைப் பார்த்து ஊர் செழித்துவிட்டதென்று எண்ணுவதைப் போலாகும்.

ஆகையால், பறவையின் எண்ணிக்கையோடு கூட, எத்தனை குழுக்கள் எத்தனை மணி நேரம் அலைந்தன என்பதையும் தவறாமல் எழுதுகிறார்கள். குழு-மணி என்பது அந்த அளவின் பெயர். மொத்தப் பறவைகளைக் குழு-மணிகளால் வகுத்து, அந்த வீதத்தை அதே வட்டத்தின் பழைய வீதங்களோடு ஒப்பிடுவதுதான் முறை. அப்படிப் பத்து, இருபது, ஐம்பது வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்க்கையில், தற்செயலான ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு அடங்கிவிட, உண்மையான போக்கு தலைகாட்டுகிறது.

அமெரிக்காவின் தேசியச் சின்னமான வெண்தலைக் கழுகை எடுத்துக்கொள்வோம். டி.டி.டி. என்ற பூச்சிமருந்து மீன்களின் வழியே கழுகுகளின் உடலில் சேர்ந்து, முட்டையோட்டை மெலிவித்து, அடைகாக்கும் தாயின் பாரத்தாலேயே முட்டை நொறுங்கும்படி செய்துவிட்டது; 1963இல் அலாஸ்கா நீங்கலான பெருநிலப்பரப்பில் கூடு கட்டிய ஜோடிகள் 417தான் எஞ்சியிருந்தன. 1972இல் அம்மருந்து தடைசெய்யப்பட்டது. அதற்குப் பின் குளிர்காலக் கணக்கில் கழுகின் வீதம் மெல்ல மெல்ல ஏறியதும், 2007இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டதும், 2021இல் ஜோடிகள் 71,000க்கு மேல் என்று அரசாங்கம் மதிப்பிட்டதும் ஒரே சரித்திரத்தின் அத்தியாயங்கள். இதற்கு நேர்மாறானது ‘பாப்வைட்’ என்ற காடையின் கதை. கிறிஸ்துமஸ் கணக்கையும் கோடைகாலக் கணக்கையும் சேர்த்து ஆராய்ந்த ஆடுபன் சங்கம், நாற்பது வருஷங்களில் அப்பறவை 82 சதவிகிதம் குறைந்துவிட்டதாக 2007இல் அறிவித்தது. வயல்வரப்புக்களின் புதர்களை ஒழித்துப் பெரும் பண்ணைகளாக்கியதால் அது ஒண்டுவதற்கு இடமில்லாமற் போயிற்று. எங்கும் காணப்பட்ட சாதாரணப் பறவையாதலால், ஏட்டில் எழுதி வைத்திராவிட்டால் அது குறைந்ததை ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

நமக்கு வேண்டியவரான ஒரு பறவையும் இக்கணக்கில் வருகிறது. கரிசல் காட்டின் கருவேல மரங்களிலும் தோட்டத்து வேலிகளிலும், பின்கழுத்தில் கறுப்புப் பட்டையோடு, மூன்று அசையில் விட்டுவிட்டுக் கூவுகிற கள்ளிப்புறாதான் அது. நம் பக்கத்து ஆசியாவைப் பூர்விகமாகக் கொண்ட அவ்வினம், சென்ற நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் பரவியது போதாதென்று, 1970களில் பஹாமாத் தீவுகளில் கூண்டிலிருந்து தப்பிய சில புறாக்களின் சந்ததியாக, அடுத்த பத்தாண்டில் ஃபுளோரிடாவுக்குக் கடல் தாண்டி வந்துவிட்டது. அங்கிருந்து வடமேற்கு நோக்கி, வட்டம் வட்டமாக, பசிபிக் கரை வரையில் அது சென்ற மார்க்கத்தை, எந்த விஞ்ஞானியும் பின்தொடர்ந்து போகாமலே, கிறிஸ்துமஸ் கணக்கேடுகளைப் புரட்டி அறிந்துகொள்ள முடிகிறது.

இத்தகைய ஏடுகளிலிருந்துதான் 2009இல் மிகவும் பேசப்பட்ட முடிவும் கிடைத்தது. 305 இனங்களின் நாற்பதாண்டுக் கணக்கை ஆராய்ந்ததில், 177 இனங்களின் குளிர்கால மையம் வடக்கே நகர்ந்திருந்தது. எல்லா இனங்களுக்கும் சராசரி பார்த்தால் 35 மைல், ‘பர்ப்பிள் ஃபிஞ்ச்’ என்ற சிறு பறவைக்கோ 400 மைலுக்கு மேல். குளிர்காலம் வெப்பமடைந்ததே முக்கியக் காரணம் என்றாலும், வீட்டுத் தோட்டங்களில் வைக்கப்படும் தீனிக்கும் இதில் பங்கு உண்டு. ஆயினும், எண்ணுபவர்கள் வசிக்கும் நகரங்களைச் சுற்றியே வட்டங்கள் நெருக்கமாக அமைந்திருப்பதும், மனித சஞ்சாரமற்ற வடகோடியில் அவை அரிதாக இருப்பதும், எண்ணுபவர்கள் நல்ல இடங்களையே நாடிச் செல்லும் சுபாவமும், இக்கணக்கின் தீராத குறைகள்.

நம் நாட்டில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரி மாதத்தில் நடைபெறுகிறது. தாமிரபரணிப் படுகையின் குளங்களில் 2011 முதல் தொண்டர்கள் எண்ணுகிறார்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் எண்ணும் வழக்கம் 2015இல் ஏற்பட்டது. இவை இளம் பிராயத்துக் கணக்குகள். இவற்றின் ஓராண்டுத் தொகையைப் பற்றிப் பேசுவது இன்னும் அவசரம். முப்பதாயிரம் பேரின் மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களின் நிலையை ஆராய்ந்து 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையிலும், நீண்டகாலப் போக்கைச் சொல்வதற்குப் போதிய பழைய பதிவுகள் பல இனங்களுக்கு இல்லாமற் போயின. எனவே ஜனவரியில் குளத்தங்கரைக்குப் புறப்படுகிறவர்கள், போன வருஷம் நின்ற கரையிலேயே நிற்பதும், தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதுவதும், கூட்டத்தில் ஐயமான பறவையைப் பெயரிடாமல் விடுவதும் அவசியம். மழை பொய்த்து, குளம் வெடித்துக் கிடந்தாலும் அங்கே போய், தேதியையும் குளத்தின் பெயரையும் எழுதி, பறவைகள் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு அனுப்ப வேண்டும்.