ட்ராக்கில் காயும் ஆயிலும் கையில் இருக்க வேண்டிய பில்லும்

கார் இன்சூரன்ஸ் பாலிசியை முழுதாகப் படிப்பவர்கள் குறைவு. அதில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பகுதி உண்டு. ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றில் ஓட்டினால் பாதுகாப்பு கிடையாது என்று அங்கே எழுதியிருக்கும். இன்ஜின் தானாகப் பழுதானால் அது எப்படியும் பாலிசிக்குள் வராது. வாரண்டி புத்தகத்தைப் புரட்டினால் அங்கேயும் பந்தயப் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கும். ஆக, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ சொந்தக் காரை எடுத்துப்போய் ட்ராக் டேயில் விரட்டுகிறவருக்கு, இன்ஜின் சீஸ் ஆனால் மொத்தச் செலவும் அவர் தலையில்தான். கையில் மிஞ்சுவது ஊற்றிய ஆயிலும், அதற்கான பில்லும். நம்மில் பலர் முன்னதை விளம்பரம் பார்த்து வாங்குகிறோம். பின்னதைக் கேட்டே வாங்குவதில்லை.

ஊருக்குள் ஓட்டும்போது ஆயிலின் வெப்பம் 90, 100 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். ட்ராக்கில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து நாலைந்து சுற்று போனால் 120-ஐத் தொடுவது சகஜம். ஆயில் கூலர் இல்லாத டர்போ கார்களில் 130-ஐயும் தாண்டும். சென்னை வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பெரும்பாலான கார்களின் டேஷ்போர்டில் தெரிவது கூலண்டின் வெப்பம் மட்டுமே. அந்த முள் நடுவில் ஆடாமல் அசையாமல் நிற்கும்போதே, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் அதன் வெப்பம் எல்லை மீறியிருக்கலாம். சம்ப்பில் 130 என்றால், க்ராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள மெல்லிய படலத்தில் 150-க்கு மேல் போகும். எண்ணெய் காயக் காய நீர்த்துவிடும். படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். முதலில் பேரிங் போகும், அடுத்து கனெக்டிங் ராடு.

டப்பாவின் முன்பக்கத்தில் 5டபிள்யூ-30 என்று இருக்கிறதே, அதில் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் கடுங்குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கானது. ஊட்டிக்காரருக்குக்கூட அதைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. பின்னால் உள்ள எண் 100 டிகிரியில் அளந்த கெட்டித்தன்மை. ட்ராக்குக்கு அது மட்டும் போதாது. தேட வேண்டியது எச்டிஎச்எஸ் என்ற அளவு: 150 டிகிரியில், பேரிங்குக்குள் ஆயில் படும் பாட்டை அப்படியே படவைத்து அளப்பது. எஸ்ஏஇ ஜே300 தரப்படி 20 கிரேடு ஆயிலுக்கு இது குறைந்தது 2.6 சென்டிபாய்ஸ், 30-க்கு 2.9, 5டபிள்யூ-40 போன்றவற்றுக்கு 3.5, 50-க்கு 3.7 இருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல். 5டபிள்யூ-30 என்ற ஒரே பெயரில் 2.9-ஐ ஒட்டிய ஆயிலும் உண்டு, 3.5-க்குக் குறையாத ஆயிலும் உண்டு. டப்பாவின் பின்பக்கத்தில் ஏசிஇஏ தரம் ஏ3/பி4 அல்லது சி3 என்று இருந்தால் அது 3.5-க்குக் குறையாதது. இரண்டுமே 30 கிரேடுதான். ட்ராக்கில் நடந்துகொள்ளும் விதம் வேறு.

புதிய கார்களுக்கு 0டபிள்யூ-20 சொல்லப்படுவதற்கு முக்கியக் காரணம் மைலேஜ். சாலைக்கு அது சரியான ஆயிலே. குறை சொல்ல ஒன்றுமில்லை. ட்ராக்குக்காக மாற்றுவதற்கு முன், ஆயில் டெம்பரேச்சர் கேஜ் ஒன்றைப் பொருத்தி அளந்து பாருங்கள். 115-க்குள் நின்றால் கையேட்டில் சொன்ன ஆயிலையே ஊற்றி, சீக்கிரம் மாற்றினால் போதும் என்பது என் கருத்து. 120-க்கும் 130-க்கும் நடுவே ஓடினால், கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் ஒரு படி மேலே போய், எச்டிஎச்எஸ் 3.5-க்குக் குறையாததை எடுக்கலாம். 130-ஐத் தாண்டுகிறதா? முதல் செலவு ஆயில் கூலருக்கு. ‘அம்பதைப் போட்டு உடுங்கண்ணே, ஒண்ணும் ஆகாது’ என்று தைரியம் சொல்லும் மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் உண்டு. தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் பம்ப்பைத் திணறடிக்கும், தானும் உராய்ந்து சூட்டைக் கூட்டும், வால்வு டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் இன்ஜின்களில் அந்த வேலையையும் மந்தமாக்கும்.

ஆயிலின் அளவு இன்னொரு விஷயம். நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது சம்ப்பிலுள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த நேரத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆயிலும் உதவாது. டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை இருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பாருங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது சாலைக் கணக்கு. அது ட்ராக்குக்குப் பொருந்தாது. டர்போ பெட்ரோல் கார் என்றால், 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தைக் கேட்டு வாங்குங்கள். குறைந்த வேகத்தில் பெட்ரோல் முன்கூட்டியே பற்றி பிஸ்டனை உடைக்கும் கோளாறுக்கு எதிரான சோதனை அதில் அடக்கம். பந்தயத்துக்கென்றே வரும் ஆயிலை ஊற்றிக்கொண்டு மாதக்கணக்கில் ஆபீஸுக்கு ஓட்டாதீர்கள். பலவற்றில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கூடுதல். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு ஆகாது.

‘ஃபுல்லி சிந்தடிக்’ என்ற சொல்லுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். பெட்ரோலிய எண்ணெயை உயர் முறையில் பதப்படுத்தி எடுத்ததை சிந்தடிக் என்று சொல்லலாமா என்று மொபில், காஸ்ட்ரால் நிறுவனங்களுக்கிடையே அமெரிக்காவில் விளம்பரத் தகராறு வந்தது. 1999-ல் அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாகச் சொன்னது. அப்படித் தயாராகும் ஆயில்களிலும் நல்லவை ஏராளம். ஆனால் உள்ளே இருப்பது எது என்பதை அந்தச் சொல் காட்டாது. நிறுவனம் வெளியிடும் டேட்டா ஷீட்டில் எச்டிஎச்எஸ் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாத ஆயிலை நான் ட்ராக்குக்கு வாங்கமாட்டேன்.

இவ்வளவு பார்த்து வாங்கியது போலியாக இருந்தால்? காலி டப்பாக்கள் பழைய இரும்புக் கடை வழியே போய், வடிகட்டிய பழைய ஆயில் நிரம்பித் திரும்பி வருவது நம் ஊரில் நடக்கிற வியாபாரம். அதனால் காலி டப்பாவைக் கத்தியால் குத்திவிட்டுத்தான் போட வேண்டும். டப்பாவில் அடைத்து விற்கும் பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அளவு, தயாரித்த மாதம், வருடம், எம்ஆர்பி, புகார்த் தொடர்பு விவரம் ஆகியவை இருந்தாக வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள். சீல் தளர்ந்திருந்தாலோ, பேட்ச் எண் சுரண்டப்பட்டிருந்தாலோ வாங்காதீர்கள். ஒர்க் ஷாப்பில் பேரலிலிருந்து ஊற்றும் லூஸ் ஆயிலுக்கு இந்த அடையாளம் ஒன்றுமே கிடையாது.

ஏமாந்துவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் நிறுவனத்தோடு பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அது வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அவகாசம் 2 ஆண்டு. கட்டணம் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. அதாவது 5,000 ரூபாய் ஆயிலால் போன 3 லட்சம் ரூபாய் இன்ஜினுக்கு இழப்பீடு கேட்டாலும் கட்டணம் கிடையாது. ஆனால் ட்ராக்கில் கார்களை வாடகைக்கு விடுவதைத் தொழிலாக நடத்துபவர் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வருவது கடினம்.

எதிர்த்தரப்பு சொல்லப்போவது தெரிந்ததுதான்: பொருளைத் தவறாகப் பயன்படுத்தினால் விற்றவர் பொறுப்பில்லை என்று அதே சட்டத்தில் இருக்கிறது, இவர் ட்ராக்கில் ஓட்டினார். சரியான கிரேடு அல்லாத ஆயிலை நீங்களே கேட்டு வாங்கியிருந்தால் இந்த வாதம் நிற்கும். ஆயிலே போலி என்றால் நிற்காது. டப்பாவைத் திறக்கும் முன்பே அது போலிதானே. அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு மட்டும் உங்களுடையது. ஆணையம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 45 நாளில் அறிக்கை வர வேண்டும் என்கிறது சட்டம். சம்ப்பிலிருந்து இறக்கிய ஆயில் இதற்கு உதவாது. பெட்ரோல் கலந்து, காய்ந்து, கறுத்துப்போன அதில் எது ட்ராக்கால் வந்தது, எது டப்பாவிலேயே இருந்தது என்று பிரிப்பது பெரும்பாடு. எனவே ஆயில் ஊற்றும் அன்றே 200 மில்லியை ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்து மூடி, தேதியும் பேட்ச் எண்ணும் எழுதி ஒட்டி, பில்லோடும் டப்பாவின் இருபக்கப் படத்தோடும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆயில் மாற்றும் வரை டப்பாவையும் போடாதீர்கள்.